மூச்சு முட்டுது என்று ஓர் அக்கா சொன்னால்



இந்த மாதம் நுரையீரலைப் பற்றி எழுதுவதாகச் சென்ற இதழில் சொல்லியிருந்தேன். நான் வைத்தியர் அல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்துவிட்டு, வலிகாமத்துக் கிராமங்களில் பெண்கள் குழுக்களோடு வேலை செய்கிறவள். நுரையீரலைப் பற்றி நான் தேடிப் படிக்கத் தொடங்கியதற்கு என்னுடைய ஒரு பிழைதான் காரணம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குழுவில் ஓர் அக்கா இருக்கிறார். வயது 58. கணவர் 1996இல் காணாமல் போனவர். இரண்டு பிள்ளைகளையும் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்தே வளர்த்தவர். விடிய மூன்று மணிக்கு அடுப்பு மூட்டினால் ஆறரை மட்டும் குசினிக்குள்தான். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக இதுதான் அவருடைய காலை.

குழுவில் அவர் கதைக்கத் தொடங்கினால் நடுவில் நின்றுவிடுவார். நீளமாக ஒரு மூச்சை இழுத்து விடுவார். "நெஞ்சை அடைக்குது பிள்ளை. அவர் போன நாளிலயிருந்து இப்பிடித்தான்" என்பார். நாங்கள் எல்லோரும் தலையை ஆட்டுவோம். நான் என் குறிப்புப் புத்தகத்தில் "துயரத்தால் வரும் பெருமூச்சு" என்று எழுதிக்கொண்டேன். உளவளத்துணைப் பயிற்சியில் படித்த மூச்சுப் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தேன். எட்டு மாதம் அதைச் செய்தார். சுகம் வரவில்லை. அவர் ஒழுங்காகச் செய்யவில்லை என்று நான் நினைத்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஒருநாள் எங்கள் கூட்டத்துக்கு ஓய்வுபெற்ற தாதி ஒருவர் வந்திருந்தார். அக்காவின் பக்கத்தில் இருந்தவர், கூட்டம் முடிய முதலே மெல்லக் கேட்டார்: "காலமை இருமினால் சளி வருமோ? எத்தினை வருசமா? கிணத்தடிக்குப் போய் வர நிண்டு நிண்டோ போறனீங்கள்?" மூன்று கேள்விக்கும் அக்கா ஆம் என்றார். சளி பத்து வருடமாக வருகிறதாம். எட்டு மாதத்தில் நான் அதை ஒருநாள்கூடக் கேட்கவில்லை.

மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள், சளி பரிசோதித்தார்கள், பிறகு ஒரு குழாய்க்குள் பலமாக ஊதச் சொல்லி அளந்தார்கள். வந்த பெயர் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். வாழ்நாளில் ஒரு சுருட்டைக்கூடத் தொடாத மனிசி. வைத்தியர் கேட்டது, எவ்வளவு காலம் விறகடுப்பில் சமைக்கிறீர்கள் என்றுதான்.

நுரையீரலுக்கு எங்கள் பாடசாலைப் புத்தகத்தில் சுவாசப்பை என்று பெயர். பை என்றதும் நானும் பலகாலம் பலூன் போல வெறும் பையைத்தான் நினைத்திருந்தேன். உண்மையில் அது கடற்பஞ்சு மாதிரி. மூக்கால் போகிற காற்று குரல்வளையைத் தாண்டி வாதனாளிக்குள் இறங்குகிறது. அது இரண்டாகக் கிளைத்து, ஒவ்வொரு கிளையும் மறுபடி இரண்டாகி, இப்படி இருபதுக்கும் மேற்பட்ட தடவைகள் பிரிகிறது. தலைகீழாக நிற்கிற மரத்தை நினைத்துப் பாருங்கள். கடைசிச் சிறு கிளைகளின் நுனியில் திராட்சைக் குலை போலச் சிற்றறைகள் இருக்கின்றன. இரண்டு பக்கமும் சேர்த்து 30 கோடிக்கு மேல். அவற்றையெல்லாம் பிரித்து விரித்தால் கிட்டத்தட்ட 70 சதுர மீற்றர் வரும். எங்கள் கணக்கில் கால் பரப்புக் காணிக்குச் சற்றுக் கூட. இதை நான் குழுவில் சொன்னபோது, 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த ஓர் அம்மா, "அப்ப எனக்கும் கால் பரப்பு இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவருடைய காணி அப்போதும் விடுபட்டிருக்கவில்லை.

அந்தச் சிற்றறையின் சுவர் மிக மிக மெல்லியது. மறுபக்கத்தில் இரத்தம் ஓடுகிறது. ஒட்சிசன் இந்தப் பக்கமிருந்து இரத்தத்துக்குப் போகும். காபனீரொட்சைட்டு அந்தப் பக்கமிருந்து வந்து வெளிமூச்சோடு போகும். சும்மா இருக்கும்போது ஒரு மூச்சுக்கு அரை லீற்றர் அளவு காற்று. நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை. ஒரு நாளுக்குக் கணக்குப் பார்த்தால் இருபதாயிரத்தைத் தாண்டும்.

நுரையீரலுக்குத் தானாக விரிகிற பலம் கிடையாது. கொல்லன் பட்டறையில் துருத்தி தானாகக் காற்றை இழுப்பதில்லை, ஆள் அதை விரிக்க வேண்டும். இங்கே அந்த ஆள் பிரிமென்றகடு. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற தசை. அது கீழே இறங்க, விலா எலும்புகள் மேலெழ, நெஞ்சறை பெரிதாகிக் காற்று உள்ளே வருகிறது. உடம்பைக் குறுக்கிக்கொண்டு அடுப்படியில் குந்தியிருக்கும்போது இந்தத் தசைக்கு இறங்க இடம் குறைவு. நிமிர்ந்து இருந்தால் மூச்சு இலகுவாவதற்குக் காரணம் இதுதான்.

(இதையெல்லாம் தமிழில் எப்படிச் சொல்வது என்று சிலர் கேட்பார்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார், உடற்கூற்று நூல்களைத் தமிழில் ஆக்கினார். ஆகவே கிளினிக்கில் "எனக்கு என்ன வருத்தம், தமிழில் விளக்கமாகச் சொல்லுங்கோ" என்று கேட்க நாங்கள் வெட்கப்படத் தேவையில்லை.)

காற்றுக் குழாய்களின் உட்பக்கம் சளி பூசியிருக்கும். அதற்குள் பிசிர்கள் என்ற நுண்ணிய மயிர்கள் விடாமல் அசைந்து, தூசியைச் சளியோடு மேலே தள்ளும். அதை நாங்கள் இருமித் துப்புகிறோம், அல்லது தெரியாமலே விழுங்குகிறோம். விறகுப் புகையில் இருக்கும் மிக நுண்ணிய துகள்களோ இந்தக் காவலைத் தாண்டிச் சிற்றறை வரை போகும். நாளாந்தம் புகை குடிக்கிறவர்களுக்குப் பிசிர்களும் சோர்ந்துவிடும். சளி தேங்கும், குழாய்ச் சுவர் தடிக்கும், சிற்றறைச் சுவர்கள் உடைந்து பல சிறிய அறைகள் ஒரு பெரிய ஓட்டை அறையாகிவிடும். கால் பரப்பு மெல்ல மெல்லக் குறையும். புகையில் காபனோரொட்சைட்டும் இருக்கிறது. அது ஒட்சிசனை விட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். பூட்டிய அறைக்குள் கரிச்சட்டி வைத்துக்கொண்டு படுக்கக் கூடாது என்பதற்கு அதுதான் காரணம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வீட்டு அடுப்புப் புகை முதலான வீட்டுக் காற்று மாசால் 2020இல் மட்டும் 32 இலட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். ஆனால் எங்கள் ஊர்ப் பெண்களின் புகைக் கணக்கை எழுதுவதென்றால் 1990இலிருந்து தொடங்க வேண்டும். பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் கிடைக்காது. கிடைத்தால் யானை விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்ச எண்ணெயில் திரி எரிய, அந்த வெளிச்சத்தில் என் அக்காமார் படித்தார்கள். விடிய முகம் கழுவினால் மூக்கிலிருந்து கரி வரும். மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோலைச் சொட்டாக விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். தெரு முழுக்க வெண்புகை. அடுப்புக்குக் காவோலை, கங்குமட்டை, பொச்சு, ஊமல், எது அகப்படுகிறதோ அது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனபோது ஒரு வளவுக்குள் பத்துக் குடும்பம், மழையில் நனைந்த விறகு, தறப்பாளுக்குக் கீழே அடுப்பு. நான் அப்போது சின்னப் பிள்ளை. அம்மா ஊதுகுழலை வைத்து ஊதி ஊதி இருமியது எனக்கு இப்போதும் கேட்கும். 2006இல் ஏ9 பாதை பூட்டியபோது மறுபடி அதே நிலை. அதற்குப் பிறகு காஸ் அடுப்புக்கு மாறிய வீடுகளும் 2022 நெருக்கடியில் சிலிண்டர் இல்லாமல் விறகுக்குத் திரும்பின. சில வீடுகள் இன்னும் காஸுக்கு வரவேயில்லை.

அந்த வருடமே டிசம்பரில் மாண்டஸ் புயல் நேரத்தில் வானம் சாம்பல் நிறமாகி, யாழ்ப்பாணத்தில் காற்றின் தரம் மிக மோசமானதும், 9ஆம் திகதி நாடெங்கும் பாடசாலைகளை மூடியதும் நினைவிருக்கும். எல்லோரும் அதைப் பற்றிக் கதைத்தார்கள், பத்திரிகைகள் எழுதின. எங்கள் குசினிக்குள் அப்படியான காற்று ஒவ்வொரு நாளும் இருக்கிறது. அதற்கு ஒருவரும் விடுமுறை விடுவதில்லை.

அடுத்தது தொய்வு. முட்டு, இழுப்பு, ஆஸ்துமா என்று பல பெயர். இதில் குழாய்கள் எளிதில் கோபிக்கிற குழாய்கள். புகை, தூசி, பூஞ்சணம், மார்கழிப் பனி, நுளம்புத்திரி, சாம்பிராணி, விடியற்காலையில் யாரோ குப்பையோடு எரிக்கிற பிளாஸ்ரிக் என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று ஒத்துக்கொள்ளாது. ஒத்துக்கொள்ளாதது உள்ளே போனதும் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகி, உட்சுவர் வீங்கி, சளியும் சேர, ஊதுகுழலின் வாயை விரலால் முக்கால்வாசி பொத்தியது போல ஆகிவிடும். காற்று விசிலடித்துக்கொண்டு போகும். மேலே சொன்ன அடைப்பு நோய்க்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தொய்வில் இறுகிய குழாய் மருந்தால் பெரும்பாலும் பழையபடி திறக்கும். புகையால் உடைந்த சிற்றறை திரும்பக் கட்டப்படாது.

தொய்வு மருந்தைப் பற்றி எங்கள் பெண்களிடம் ஒரு பயம் இருக்கிறது: "பம்ப் பாவிச்சால் பிறகு விடேலாது." இது பிழையான கதை. பம்ப் மருந்து நேரே குழாய்க்குப் போவதால் குளிசையை விட மிகக் குறைந்த அளவே போதும். பொதுவாக நீல நிற பம்ப் உடனடி ஆறுதலுக்கு. மண்ணிற பம்ப் வீக்கத்தைத் தணித்து மறுபடி வராமல் தடுப்பதற்கு. நீலத்தில் உடனே சுகம் தெரிவதால் அதை மட்டும் இழுத்துக்கொண்டு, மண்ணிறத்தை அலுமாரிக்குள் வைத்துவிடுகிற வழக்கம் பலரிடம் உண்டு. தடுப்பது அந்த அலுமாரிக்குள் இருப்பதுதான். அதை இழுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். கருவிக்குள் வைத்துத் துளைத்து இழுக்கிற கப்சூலைத் தண்ணீரோடு விழுங்கிக்கொண்டிருந்த ஓர் ஆச்சியை நான் சந்தித்தேன். யாரும் அவருக்குச் செய்து காட்டவில்லை. கிளினிக்கில் தாதியின் முன்னாலேயே ஒருமுறை இழுத்துக் காட்டிவிட்டு வாருங்கள்.

சயரோகம் பற்றி எழுதத் தயக்கமாக இருக்கிறது. நோயால் அல்ல, அதன் பெயரால். ரொபேர்ட் கொக் என்ற விஞ்ஞானி 1882 மார்ச் 24ஆம் திகதி இது கிருமியால் வருவது என்று அறிவித்தார். அதற்குப் பிறகும் இங்கே இது பரம்பரை வருத்தம் என்று கலியாணப் பேச்சுக் குழம்புகிறது. எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை, ஊரார் காணக் கூடாது என்று பக்கத்திலிருக்கும் நிலையத்தை விட்டு வேறு மாவட்டத்துக்கு பஸ் ஏறி மருந்தெடுக்கப் போனாள். பஸ் காசு இல்லாத வாரங்களில் மருந்தும் இல்லை.

கிருமி காற்றால்தான் பரவும். கோப்பையால், சீலையால், தொடுவதால் அல்ல. நெருக்கமாக, காற்றோட்டம் இல்லாமல் வாழ்கிற இடம் அதற்கு வசதி. முகாம்களிலும் தடுப்பிலும் இருந்த எங்களுக்கு இது விளங்கும். 2009இல் மெனிக் பாம் போன்ற முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அடைபட்டிருந்தோம் என்பதை மறக்க முடியாது. உள்ளே போன கிருமி பெரும்பாலானவர்களில் நோயாக மாறுவதே இல்லை. சிலரில் பல வருடம் உறங்கி, உடம்பு பலவீனப்படும்போது எழும்பும். சலரோகம் இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை, மெலிவு, சளியில் இரத்தம் என்றால் சளிப் பரிசோதனை செய்யுங்கள். மாவட்டந்தோறும் உள்ள மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். வழமையான சயரோகத்துக்கு ஆறு மாத மருந்து. ஒழுங்காக எடுத்தால் சில வாரங்களிலேயே மற்றவருக்குத் தொற்றுவது பெரும்பாலும் நின்றுவிடும். இரண்டு மாதத்தில் உடம்பு தேறியதும் விட்டுவிட்டால், மிஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாகத் திரும்பி வரலாம்.

காய்ச்சலோடு மூச்சு முட்டினால் ஒருநாளும் பொறுக்க வேண்டாம். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக அடுத்தடுத்துச் சிலர் இறந்தபோது என்ன நோயென்று தெரியாமல் ஊர் கலங்கியது. எலிக்காய்ச்சல் என்று பிறகு கண்டறிந்தார்கள். அது சிலருக்கு நுரையீரலைத் தாக்கும். வயலிலோ வெள்ளத்திலோ இறங்கி வேலை செய்திருந்தால் வைத்தியரிடம் கேளாமலே அதைச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகளை வளர்க்கிற அம்மம்மாமார், இருமலோடு இருக்கிற பிள்ளையின் சட்டையைத் தூக்கி ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, அல்லது அதற்கு மேல் என்றால், அல்லது விலாவுக்குக் கீழ் உள்ளே இழுபட்டால், ஆஸ்பத்திரிக்குத்தான். பெரியவர்களில் ஒரு வசனத்தை முடிக்க முடியாத மூச்சு, நீலம் பாரித்த உதடு இரண்டும் அவசரம். இலவச அம்புலன்ஸ் இலக்கம் 1990. எங்களுக்கு மறக்க முடியாத வருடம்தான். இதற்காகவும் நினைவில் வைத்திருங்கள்.

நெஞ்சுக்குள் ஷெல் துண்டு இருக்கிறவர்களும் எங்களில் பலர். அது வெளியில் தெரியாத காயம். எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு அனுப்பினால், உள்ளே உலோகம் இருக்கிறது என்று முதலே சொல்ல வேண்டும். அந்த இயந்திரம் பலத்த காந்தம்.

இனிப் பெருமூச்சுக்கு வருகிறேன். துயரத்தால் மூச்சு முட்டுவது பொய்யல்ல. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற உளமருத்துவர்கள் போர்க்கால யாழ்ப்பாணத்தில் மனக்காயம் உடம்பின் வருத்தமாக வெளிப்படுவதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். பயம் பிடிக்கும்போது நாங்கள் வேகமாக மூச்சு விடுகிறோம். காபனீரொட்சைட்டு அளவுக்கு மேல் வெளியேற, விரல் நுனியும் வாயைச் சுற்றியும் விறைக்கும், தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும், காற்றுப் போதாது என்று தோன்றும். உண்மையில் காற்று கூடிப்போயிருக்கும். அந்த நேரம் நிமிர்ந்திருந்து, நான்கு எண்ணும் வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விட்டால் அடங்கும். என் பயிற்சி பிழையில்லை. நெஞ்சைச் சோதிக்க அனுப்பாமல் அதைத் தொடங்கியதுதான் பிழை. சளி, விசில் சத்தம், நடந்தால் கூடுகிற மூச்சு, நித்திரையைக் குழப்புகிற இருமல், இவை இருக்கும்போது கவலைதான் காரணம் என்று யார் சொன்னாலும், என்னைப் போன்ற உத்தியோகத்தர் சொன்னாலும், ஏற்க வேண்டாம். கணவனை இழந்த பெண் எந்த வருத்தத்தைச் சொன்னாலும் "அவவுக்கு யோசினை" என்று முடித்துவிடுகிற பழக்கம் எங்கள் ஊரில் அதிகம். நானும் அந்த ஊர்தானே.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீயாவது கேட்டனி பிள்ளை" என்று சொல்லிவிட்டார். அது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

குழுவின் சுழற்சிக் கடனில் தகரக் குழாயால் ஒரு புகைபோக்கி வைத்தோம். அனகி அடுப்பு வாங்கலாம் என்று முதலில் யோசித்தோம்; 1980களிலிருந்து நாடு முழுக்கப் பாவிக்கிற நல்ல மண் அடுப்பு, விறகு மிச்சமாகும். ஆனால் அதற்குப் புகைபோக்கி இல்லை, குசினிக்குள் புகை நிற்கத்தான் செய்யும். கடைசியில் அடுப்பை எதிரெதிர் யன்னல் இருக்கிற பக்கத்துக்கு மாற்றி, மேலே குழாயை ஏற்றினோம். விறகைக் கூரைக்குக் கீழே அடுக்கி நன்றாகக் காயவிட்டே எரிக்கிறார். இடியப்பத்தைப் பாதியாகக் குறைத்து, மிச்ச நேரத்துக்கு மிளகாய்த்தூள் பைக்கற் போடுகிறார். (தூளும் நெஞ்சுக்குக் கூடாது என்று தாதி ஏசினார். இப்போது முகக்கவசம் போட்டுத்தான் செய்கிறார்.) இரண்டு வகைப் பம்ப். மூச்சு வாங்கும்போது, சுடு தேத்தண்ணியை ஊதுவது போல உதட்டைக் குவித்து மெல்ல விடச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படி விட்டால் சுருங்கிய குழாய்கள் சற்று நேரம் திறந்திருக்கும்.

போன செவ்வாய்க்கிழமை போனேன். கிணற்றடியிலிருந்து வாளியோடு வந்தார். "இண்டைக்கு ஒருக்கால்தான் நிண்டனான்" என்றார். பிறகு சுவரில் இருக்கிற படத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். நான் எண்ணிக்கொண்டிருப்பதைக் கண்டதும் சொன்னார்: "இது அது இல்லைப் பிள்ளை, இது வேற."